10 கிலோ கொழுப்பை எடுத்தும் இறங்காத சர்க்கரை

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் க்ளைன் குழுவினர் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உடல் பருமன் உள்ள 15 பெண்கள். அவர்களில் ஏழு பேருக்கு டைப் 2 சர்க்கரை நோய். வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பை லைபோசக்‌ஷன் மூலம் உறிஞ்சி எடுத்தார்கள். ஆளுக்குச் சராசரியாக 9, 10 கிலோ. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து எல்லோரையும் மறுபடி பரிசோதித்தார்கள். இடுப்புச் சுற்றளவு குறைந்திருந்தது. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலினுக்குத் தசையும் கல்லீரலும் கட்டுப்படும் அளவு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. முதலிய குறியீடுகள் எல்லாம் பழையபடியே இருந்தன.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2016இல், க்ளைன் குழுவே இன்னோர் ஆய்வை வெளியிட்டது. இந்த முறை கத்தியும் குழாயும் இல்லை, உணவுக் கட்டுப்பாடு மட்டும். உடல் எடையில் வெறும் 5 சதவீதம் குறைந்தது. 100 கிலோ ஆளுக்கு 5 கிலோ. அதற்கே கல்லீரல், தசை, கொழுப்புத் திசு மூன்றும் இன்சுலினுக்குக் கட்டுப்படத் தொடங்கின. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களும் தேறின. ஆனால், ரத்தத்திலும் தோலடிக் கொழுப்பிலும் அளந்த அழற்சிக் குறியீடுகள் அந்தக் கட்டத்தில் அசையவே இல்லை.

‘கொழுப்பு சேர்ந்தால் அழற்சி வரும், அழற்சி வந்தால் சர்க்கரையும் மாரடைப்பும் வரும், ஆகவே அழற்சியைத் தணிக்கும் இந்தப் பொடியைச் சாப்பிடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் நாள்தோறும் ஓடும் கதைக்குள் இந்த இரண்டு ஆய்வுகளையும் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை. கதையின் முன்பாதியில் உண்மை நிறையவே இருக்கிறது. பின்பாதிக்குப் போகும்போதுதான் இடறுகிறது. எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொள்ள, அந்த உண்மை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கொழுப்பை ஒரு செயலற்ற சேமிப்பு என்றுதான் மருத்துவம் நெடுங்காலம் நினைத்திருந்தது. 1993இல் பாஸ்டனில் கோகன் ஹொடாமிஸ்லிகில், ப்ரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்பைச் சோதித்தபோது, அது டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற புரதத்தை ஏராளமாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. கிருமித் தொற்றின்போது நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் அபாயச் செய்தி அது. அதற்குக் கொழுப்பில் என்ன வேலை? அந்தப் புரதத்தைக் கட்டிப்போட்டதும் எலிகளின் உடல் இன்சுலினுக்கு மேலும் நன்றாகக் கட்டுப்பட்டது. மறு ஆண்டே நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. ‘போதும், சாப்பிட்டாயிற்று’ என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது, சுரப்பது கொழுப்பு செல். இரண்டே ஆண்டில் கொழுப்பு ஒரு முழு நாளமில்லாச் சுரப்பியாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

அபாயச் செய்தியை அனுப்புவது யார் என்பது 2003இல் தெளிவானது. மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கி செல்கள், கிருமிகளையும் செத்த செல்களையும் தின்று அப்புறப்படுத்தும் துப்புரவுப் படை. ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் அவை 10 சதவீதத்துக்கும் குறைவு. உடல் பருமன் உள்ளவர்களிடம் கிட்டத்தட்ட 40 சதவீதம் வரை போகலாம் என்று கொலம்பியா பல்கலைக்கழகக் குழு மதிப்பிட்டது. 2005இல் இத்தாலிய விஞ்ஞானி சவேரியோ சிந்தி குழு நுண்ணோக்கியில் பார்த்து இன்னொன்றைச் சொன்னது: பருத்த உடலின் கொழுப்பில் இருக்கும் மேக்ரோஃபேஜ்களில் 90 சதவீதத்துக்கு மேல், செத்துப்போன கொழுப்பு செல்களைச் சுற்றி வளையமாக நிற்கின்றன. காரணமில்லாமல் வந்த கூட்டம் இல்லை அது. அங்கே செல்கள் சாகின்றன, அள்ள வந்திருக்கிறது.

இந்த அழற்சி, முள் குத்திய விரல் சிவந்து வீங்குவதைப் போன்றது இல்லை. வலிக்காது, காய்ச்சல் வராது, கண்ணுக்குத் தெரியாது. கொழுப்புத் திசு அனுப்பும் ஐ.எல்.-6 என்ற சமிக்ஞை கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் சி.ஆர்.பி. புரதத்தைக் கூட்டுகிறது. நிமோனியாவில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். உடல் பருமனில் பெரும்பாலும் 3, 5, 8 என்று நிற்கும். ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதுதான் விஷயம். இந்தச் சமிக்ஞைகள் தசை செல்லையும் கல்லீரல் செல்லையும் அடையும்போது, ‘சர்க்கரையை உள்ளே எடு’ என்ற இன்சுலினின் ஆணை செல்லுக்குள் இறங்கும் வழியில் முதல் படியிலேயே தடுமாறுகிறது. கணையம் ஈடுகட்ட இன்சுலினை மேலும் மேலும் சுரக்கிறது. பலர் இந்தக் கட்டத்தில் பல ஆண்டுகள் இருப்பார்கள். சர்க்கரை அளவு நார்மல் என்றே ரிப்போர்ட் வரும்.

சரி, கொழுப்பு செல்கள் ஏன் சாகின்றன?

உபரிச் சக்தியைப் பத்திரப்படுத்துவது கொழுப்பு செல்லின் வேலை. உடலுக்கு இதில் இரண்டு வழிகள் உண்டு: புதிய சிறு செல்களை உண்டாக்கலாம், இருக்கும் செல்களையே ஊதிப் பெருக்க வைக்கலாம். வளர்ந்தவர்களின் உடலில் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையானது. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் செத்து, அதே அளவு புதிதாகப் பிறக்கிறது. இதைக் கண்டுபிடித்த விதம் விசித்திரமானது. பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14, மனிதர்களின் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும் அளவை வைத்து கொழுப்பு செல்களின் சராசரி வயதைக் கணக்கிட்டார்கள் ஸ்வீடன் விஞ்ஞானிகள் (2008). ஆக, பெரியவர்களில் எடை ஏறும்போது பெரும்பாலும் செல்தான் ஊதுகிறது. ஓர் அளவுக்கு மேல் ஊதிய செல்லுக்கு ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் சரியாக எட்டாது. சுற்றிலும் நார்த்திசு இறுகி, மேலும் விரிய இடம் தராது. செல் சாகிறது, மேக்ரோஃபேஜ் வருகிறது.

குதிர் நிறைந்துவிட்டால் நெல்லைக் கூடத்திலும் அடுப்படியிலும் கொட்டிவைப்பது போல, தோலடிக் கொழுப்பில் இடமில்லாதபோது உபரி வேறிடங்களுக்குப் போகிறது: வயிற்றுக்குள் குடலைச் சுற்றி, கல்லீரலில், தசையில், கணையத்தில். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருப்பதை இன்று சர்வசாதாரணமாகப் பார்க்கிறோம். உபரிக்கு இடம் தவறிப்போனதன் குறிப்பு அது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போவதால், அங்கே சேரும் கொழுப்பின் கழிவும் சமிக்ஞையும் முதலில் கல்லீரலைத்தான் தாக்குகின்றன. க்ளைன் உறிஞ்சி எடுத்தது தோலுக்கு அடியில் இருந்ததை. கல்லீரலிலும் தசையிலும் கிடந்தது அப்படியே இருந்தது; மிச்சமிருந்த செல்களும் சிறுக்கவில்லை. உணவைக் குறைத்தவர்களுக்கு முதலில் காலியானது இடம் தவறிக் கிடந்த அந்தச் சரக்கு.

இந்தப் பார்வைக்குச் சாட்சியாக மூன்று தலைகீழ் உதாரணங்கள் உண்டு. முதலாவது, லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோய். உடலில் கொழுப்புத் திசுவே உருவாகாதவர்கள், அல்லது இழந்தவர்கள். நரம்பும் தசையும் தெரிய ஒட்டி உலர்ந்த உடல். நியாயமாகப் பார்த்தால் இவர்களுக்குச் சர்க்கரையே வரக் கூடாது. வருவதோ மிகக் கடுமையான சர்க்கரை நோய், பெருத்த ஃபேட்டி லிவர், தாறுமாறாக ஏறிய ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. வைக்க இடமே இல்லாததால் எல்லாம் கல்லீரலில் சேர்கிறது. இரண்டாவது, 2007இல் டெக்சஸில் ஃபிலிப் ஷெரர் குழு உருவாக்கிய எலிகள். அடிபோனெக்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்ட அந்த எலிகள், பருத்த எலிகளைவிடவும் பருத்தன. ஆனால் சர்க்கரை சீராக இருந்தது, கல்லீரலில் கொழுப்பு குறைந்தது, கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ் கூட்டமும் குறைந்தது. மூன்றாவது நமக்குப் பழக்கமான சர்க்கரை மாத்திரை, பயோகிளிட்டசோன். அதைச் சாப்பிடுபவர்களுக்கு எடை கூடும், சர்க்கரை இறங்கும். புதிய சிறு கொழுப்பு செல்களைத் தோலுக்கு அடியில் முளைக்கவைத்து, கல்லீரலில் கிடக்கும் கொழுப்பை அங்கே வரவழைக்கிறது அது. எடை போட்டதும் பயந்து மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடும் நோயாளிகளுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நல்லது. (எடை கூடுவதில் ஒரு பகுதி உடலில் தேங்கும் நீர், இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

இந்தியர்களுக்கு இந்தச் சேமிப்பிடம் பிறவியிலேயே சிறியது என்று நினைக்க வலுவான காரணங்கள் இருக்கின்றன. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) 22.3. எந்த அட்டவணைப்படியும் கச்சிதமான உடல்கள். யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். யாஜ்னிக் குழுவின் புனே ஆய்வில், இந்தியக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. அந்த எடைக் குறைவு பெரும்பாலும் தசையிலும் உள்ளுறுப்புகளிலும்தான். கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறந்து கொழுப்போடு வளர்கிறோம். மேற்கில் பி.எம்.ஐ. 30ஐத் தொட்டால்தான் உடல் பருமன். இந்திய மருத்துவர்கள் 2009இல் வகுத்த ஒருமித்த அளவுகோலின்படி 25 போதும், 23இலேயே எச்சரிக்கை. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. சென்னையை மையமாகக் கொண்டு ரஞ்சித் மோகன் அஞ்சனா, வி. மோகன் ஆகியோர் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு 2023இல் தந்த கணக்கு இதோடு ஒத்துப்போகிறது: பி.எம்.ஐ.படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், தொப்பையை வைத்துப் பார்த்தால் 39.5 சதவீதம். நடுவில் விடுபடும் அந்தப் பதினோரு சதவீதத்தினரை, எடை இயந்திரம் மட்டும் வைத்திருக்கும் கிளினிக் ‘ஓகே’ என்று அனுப்பிவிடும்.

அழற்சியையே நேரடியாக அடக்கினால் என்ன ஆகும்? மருத்துவ உலகம் இதை நிறையப் பணம் போட்டு, பலமுறை சோதித்துவிட்டது.

உண்மையில் இந்த எண்ணம் மிகப் பழையது. 1876இலேயே ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் எப்ஸ்டைன், ஆஸ்பிரினின் உறவுக்கார மருந்தான சோடியம் சாலிசிலேட்டைக் கொடுத்தால் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைகிறது என்று எழுதினார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. இன்சுலின் வந்ததும் மறந்துவிட்டார்கள். 2001இல் பாஸ்டனின் ஸ்டீவன் ஷோயல்சன் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது: அதிக அளவு சாலிசிலேட், அழற்சியைத் தூண்டும் ஒரு முக்கிய நொதியை அடக்குகிறது. அதன்பின் சால்சலேட் என்ற மலிவான பழைய மூட்டுவலி மருந்தைக் கொண்டு பெரிய ஆய்வு நடந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, 48 வாரத்தில் 0.37 புள்ளி குறைந்தது. குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் சற்று ஏறியது, எடையும் ஏறியது. வழக்கமான சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினே இதைவிட அதிகம் குறைக்கும் என்பதால் யாரும் அதைத் தொடரவில்லை. 1993இல் வில்லனாக அறிமுகமான டி.என்.எஃபைத் தடுக்கும் மருந்துகளை வளர்சிதை மாற்றக் கோளாறு உள்ள மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில், இன்சுலினுக்கு உடல் கட்டுப்படாத நிலை மாறவில்லை. எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை.

மிகப் பெரிய சோதனை 2017இல் வெளியான கேன்டோஸ் என்ற மருந்தாய்வு. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. 2க்கு மேல் இருந்த 10,061 பேர். ஐ.எல்.-1 பீட்டா என்ற ஒரேயொரு அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் கனகினுமாப் ஊசி. கொலஸ்ட்ரால் துளியும் மாறவில்லை. 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ரத்தக் குழாய் அடைப்பில் அழற்சி வெறும் பார்வையாளர் இல்லை என்பதற்கு முதல் திட்டவட்டமான நிரூபணம் அது. அதே ஆய்வில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். அவர்களில் புதிதாகச் சர்க்கரை நோய் வருவதை அந்த ஊசி தடுத்ததா? இல்லை. முதல் சில மாதம் எச்பிஏ1சி லேசாக இறங்கி, பிறகு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. கவுட் என்ற மூட்டு நோய்க்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் கோல்ச்சிசின் மாத்திரையும் இதயத்துக்கு உதவும் என்று 2019, 2020 ஆய்வுகள் காட்டின; 2024இல் வந்த பெரிய ஆய்வொன்றில் பலன் தெரியவில்லை. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

என் கணிப்பு இது: இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அழற்சி ஒரே வேலையைச் செய்யவில்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் அது நோயின் கை. தடுத்தால் பலன் உண்டு. கொழுப்புத் திசுவில் அது பெரும்பாலும் நெரிசலின் விளைவு; நெரிசலை விட்டுவிட்டு அதை மட்டும் அமுக்கினால் சர்க்கரை அசைவதில்லை. அழற்சியே இல்லாமல் கொழுப்பு நலமாக விரிய முடியாது என்றும் 2014இல் ஷெரர் குழு எலிகளில் காட்டியது. கொழுப்பு செல்லில் அழற்சிப் பாதையை அடைத்துவிட்டால் உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்புத் திசு விரிவது தடைப்பட்டு, கல்லீரலில் கொழுப்பு ஏறியது. பழுதுபார்க்க வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பிய கதை. மஞ்சள் கேப்ஸ்யூலும் ‘ஆன்ட்டி இன்ஃப்ளமேட்டரி’ தேநீரும் கேன்டோஸ் ஊசியின் நிழலைக்கூடத் தொடாதவை. மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் உறிஞ்சப்படுவதே சொற்பம். குழம்பில் மஞ்சள் போடுவதற்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, 1,500 ரூபாய் டப்பாவுக்குச் சொல்ல வேண்டும்.

ஐ.எல்.-6இன் கதை இதைவிடச் சுவாரசியம். கொழுப்பிலிருந்து ஓயாமல் கசியும்போது கெட்ட பெயர் வாங்கிய இதே ஐ.எல்.-6, ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் தசையிலிருந்து குபீரென்று வெளியேறி, சில மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் குழு தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் மிதிக்கவைத்தது. உள்ளுறுப்புக் கொழுப்பு குறைந்தது. மிதித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐ.எல்.-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்தையும் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தக் கொழுப்பு குறையவில்லை. ஒரே மூலக்கூறு, வரும் இடத்தையும் தங்கும் நேரத்தையும் பொறுத்து நண்பனாகவோ பகைவனாகவோ ஆகிறது.

உடற்பயிற்சி எடையைக் குறைக்காவிட்டால் வீண் என்று நினைப்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே ஒரு பதில் உண்டு. அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் அது 39.3 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை குறையவே இல்லை. ஆறு மாதம் நடந்தும் தராசு அசையவில்லை என்று ஷூவைக் கழற்றி வைத்தவர்கள், தராசு காட்டாத இடத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்ததை அறியாமல் வைத்துவிட்டார்கள்.

இப்போது எல்லோரும் பேசும் எடை குறைப்பு ஊசியான செமாகுளுடைட்டுக்கு வருவோம். 2023இல் வெளியான செலக்ட் ஆய்வில் 17,604 பேர், பி.எம்.ஐ. 27க்கு மேல், இதய நோய் உண்டு, சர்க்கரை நோய் இல்லை. செமாகுளுடைட் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. சி.ஆர்.பி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. எடை நிறையக் குறைந்தவர்களுக்குத்தான் இதயப் பலன் என்றும் இல்லை. கொஞ்சம் குறைந்தவர்களுக்கும் கிடைத்தது. அழற்சியை அடக்கும் மருந்தாக யாரும் இதை உருவாக்கவில்லை. பசியைக் குறைத்து, நெரிசலைத் தளர்த்தி, அதோடு வேறு வழிகளிலும் அழற்சியைத் தணிக்கிறது என்று தோன்றுகிறது. எந்த வழியில் எவ்வளவு என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எச்.எஸ்.-சி.ஆர்.பி. என்ற துல்லியமான ரத்தப் பரிசோதனை எல்லா லேபிலும் இருக்கிறது. 1க்குக் கீழே என்றால் நல்லது, 3க்கு மேல் என்றால் இதய ஆபத்து அதிகம். 10ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் சளி, பல் சீழ் போன்ற வேறு சங்கதி, சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சி.ஆர்.பி. தானே நோயை உண்டாக்குவதில்லை என்று மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டதால், அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. இடுப்பைச் சுற்றி ஒரு டேப், வெறும் வயிற்றில் ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரால், எச்பிஏ1சி, கல்லீரல் நொதிகள் — நெரிசல் இருக்கிறதா என்று இவையே பெரும்பாலும் சொல்லிவிடும்.

இனி எஞ்சியிருக்கும் சிக்கல் பணம் சார்ந்ததும்கூட. செமாகுளுடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். உள்நாட்டு நிறுவனங்களின் மலிவு விலை ஊசிகளுக்கு அதோடு வழி திறக்கிறது. ஆனால் ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஆண்டில் திரும்பிவிட்டது. 2024இல் சூரிக் நகர விஞ்ஞானிகள் இதற்கு ஒரு காரணத்தைக் காட்டினார்கள். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்து இரண்டு ஆண்டு ஆனவர்களின் கொழுப்பு செல்களில்கூடப் பருமனாக இருந்த காலத்தின் மரபணு இயக்கப் போக்கு அழியாமல் இருந்தது. அதே தடம் பதிந்த எலிகளுக்குக் கொழுப்பு உணவைக் கொடுத்தபோது, பருமனாக இருந்தே இராத எலிகளைவிட வேகமாக எடை ஏறியது. ஆண்டுக்கு 10 சதவீதம் என்ற கணக்கில் புதுப்பிக்கப்படும் செல்கள் அந்தத் தடத்தைத் துடைக்க எத்தனை ஆண்டு ஆகும்? ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் என்பதற்குத் தரவு இருக்கிறது. எத்தனை ஆண்டு போட்டபின் நிறுத்தினால் திரும்பாது என்பதற்கு இல்லை.